அறுவடைக் கூத்தைப் படியெடுத்தல்: வார்லி தார்ப்பா ஓவியமும் ஓவியப் பயிற்சியும்

ஆய்வுச் சுருக்கம்

வார்லி பழங்குடியினரின் தார்ப்பா நடனச் சுவரோவியம், ஓவியம் பயில்வோர் பெரிதும் படியெடுக்கும் காட்சிகளுள் ஒன்று. அப்பயிற்சி கற்பிப்பது எது, கைநழுவ விடுவது எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வார்லி, தார்ப்பா, படியெடுத்தல், சுவரோவியம், ஜிவ்யா சோமா மாசே.

முன்னுரை

மகாராட்டிரத்தின் பால்கர் மாவட்டப் பகுதிகளில் வாழும் வார்லி மக்கள், நெல் அறுவடைக்குப் பிந்தைய இரவுகளில் தார்ப்பா இசைக்கு ஆடுவர். தார்ப்பா என்பது சுரைக்குடுக்கையும் மூங்கிலும் கொண்டு செய்யப்படும் ஊதுகருவி. இசைப்பவரைச் சூழ்ந்து கைகோத்து நகரும் ஆடுநர் வரிசையே செம்மண் சுவரில் அரிசிமாக் குழம்பின் வெண்மையால் தீட்டப்படுகிறது. வட்டம், முக்கோணம், கோடு ஆகிய சில வடிவங்களே இதற்குப் போதும் என்பதால் இது தொடக்கநிலைப் பயிற்சிக்கு எளிதெனக் கருதப்படுகிறது. அக்கருத்து மறுபரிசீலனைக்குரியது.

முக்கோணமும் சமநிலையும்

மனித உடல் நுனியோடு நுனி சேர்ந்த இரு முக்கோணங்களாக அமைகிறது. மேலது மார்பு, கீழது இடுப்பு. இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் நின்றால் உருவம் அசைவற்றுப் போகும். ஒன்று சற்றே சாய்ந்தால் ஆட்டம் பிறக்கும். அளவுகோல் கொண்டு வரையும் மாணவரின் படியில் உருவங்கள் பிழையின்றி அமைந்தும் ஆடாமல் நிற்பது இதனால்தான். எளிய வடிவம் எளிய செயலன்று என்பதே படியெடுத்தல் தரும் முதற்பாடம்.

சுருளும் மையமும்

பயில்பவர் பலர் முதலில் வட்டம் ஒன்றை வரைந்து, அதன்மேல் உருவங்களைச் சம இடைவெளியில் நிரப்புகின்றனர். தார்ப்பா வரிசையோ மூடிய வட்டமன்று; தலையும் வாலும் உடைய சுருள். ஆடுநர் இசைப்பவரின் போக்கைப் பின்பற்றுவர், அவருக்குப் புறங்காட்டுவதில்லை. ஆகவே இசைப்பவரை முதலில் நிறுத்தி, ஒவ்வோர் உருவத்தையும் அவரை நோக்கியும் அடுத்தவரின் கையைப் பற்றியும் அமைக்கும்போதே காட்சி உயிர்பெறும். சுருளை வட்டமாக மூடிவிடும் படி, ஆட்டத்தின் தலைமை யாரிடம் உள்ளது என்பதை மறைத்துவிடுகிறது. அது வரைதலில் நேர்ந்த பிழை மட்டுமன்று. பொருள்கோளில் நேர்ந்த பிழையுமாகும்.

சடங்கும் உரிமையும்

வார்லி ஓவியத்தின் வேர் திருமணச் சடங்கில் உள்ளது. சவாசினி எனப்படும் மணமான பெண்கள் வீட்டுச் சுவரில் சௌக் என்னும் சதுரத்தையும் அதனுள் வளமைத் தெய்வமான பாலகட்டையும் வரைவர். யசோதரா டால்மியாவின் 1988ஆம் ஆண்டு நூல் வார்லி ஓவிய உலகை விரிவாக ஆராய்ந்தது. 1970களில் தாளும் துணியும் வந்தபின், ஜிவ்யா சோமா மாசே (1934–2018) சடங்குக்கு அப்பாலும் நாள்தோறும் வரைந்து இக்கலையை உலகறியச் செய்தார். 2011இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இவ்வரலாறு இருவகை வாதங்களையும் திருத்துகிறது. சடங்கைவிட்டு வெளியேறியதால் இக்கலை கெட்டது என்னும் தூய்மைவாதம் பொருந்தாது. வெளியேற்றியவர் வார்லி ஓவியரே. மறுபுறம், இது எவருக்கும் உரிமையற்ற பொது அலங்காரம் என்பதும் பொருந்தாது. சுவரில் வரைந்த பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை. பெயர் பெற்ற ஓவியரின் ஆக்கத்தையும் 'பழங்குடிக் கோலம்' என்று மட்டும் குறிக்கும் வகுப்பறை, அப்பெயரின்மையை மேலும் நீட்டிக்கிறது. நடனக் காட்சியைப் பயிற்சிக்கு எடுப்பதும், பாலகட் சௌக்கை அணிகலனாக்குவதும் ஒன்றல்ல என்ற வேறுபாடும் அங்கு கற்பிக்கப்படவேண்டும்.

முடிவுரை

படியெடுத்தல் கண்ணுக்கும் கைக்கும் தகுந்த பயிற்சியே. தார்ப்பா ஓவியத்தைப் பொறுத்தவரை அதன் பயன், இறுதி உருவத்தின் ஒப்புமையில் இல்லை. சாய்வு, சுருள், மையம் ஆகியவற்றின் காரணத்தை உணர்வதில் உள்ளது. அவ்வுணர்வோடு மூல ஓவியரின் பெயரும் ஊரும் படியின் அடியில் எழுதப்படுமாயின், பயிற்சி கடனை மறவாத கல்வியாகும். இல்லையேல் அறுவடை ஒருவருடையதாகவும் களஞ்சியம் மற்றொருவருடையதாகவும் முடியும்.