வாசலோடு நின்ற தடுப்பு

சர்க்கரை நோயையும் உடற்பருமனையும் ஊர் மட்டத்திலேயே தடுப்பது பற்றிப் பேச்செடுத்தால் தமிழ்நாட்டின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ முதலில் வந்து நிற்கிறது. வீடு தேடிச் சென்று நோயைக் கண்டறிந்து மருந்து தரும் அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது, 2024இல் ஐ.நா. விருதும் பெற்றது. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் ஆஷா பணியாளர்கள் ‘சைலி’ செயலியுடன் படியேறி, முப்பது வயதைக் கடந்தோரின் நோய்நிலையைப் பதிகிறார்கள். மாத்திரைக்காக ஒருநாள் கூலியை இழந்தவருக்கு இவை பெரிய உதவி. அதில் ஐயமில்லை.

ஆனால் இதைத் தடுப்பு என்று சொல்வது பொருந்தாது. வந்த நோயைக் கண்டுபிடிப்பதும் அதற்கு மருந்து தருவதும் சிகிச்சை. வராமல் காக்கும் பங்கு இத்திட்டங்களில் பெரும்பாலும் அறிவுரையாகவே மிஞ்சுகிறது: அரிசியைக் குறையுங்கள், காய்கறி சேருங்கள், தினமும் நடங்கள்.

அறிவுரையின் வலு எவ்வளவு என்பது கேரளத்திலேயே சோதிக்கப்பட்டது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1007 பேரிடம், உள்ளூர்க்காரர்களே குழு நடத்த, இரண்டாண்டு ஆய்வு நடந்தது. காய்கறி, பழம் உண்பது கூடியது, குடி குறைந்தது. நோய் வந்தோர் அறிவுரைக் குழுக்களில் 14.9 சதவீதம், மற்றவர்களில் 17.1. புள்ளியியல் கணக்கில் இந்த இடைவெளி உறுதியாகவில்லை. சென்னையில் அ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில் வாழ்க்கைமுறை மாற்றம் நோய் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தது என்பார்கள். உண்மைதான். ஆனால் அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் நிலையான வேலையில் உள்ள நடுத்தர வர்க்கத்தினரும் அவர்தம் குடும்பத்தினரும்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து முதலமடையின் மாந்தோப்புக் கூலியாளரிடம் அதே யோசனையைச் சொன்னால் என்ன ஆகும்? பருவத்தில் பகல் முழுதும் பறித்தும் சுமந்தும் நிற்பவரிடம் நடக்கச் சொல்வது ஏறக்குறைய கேலி. பருவம் முடிந்தால் கூலியும் சுருங்குகிறது. அப்போது வயிற்றை நிரப்புவது ரேஷன் அரிசி. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ தானியம் தருகிறது. இப்பகுதியில் அதில் பெரும்பங்கு அரிசிதான். பசியை விரட்டிய திட்டம் அது, குறைசொல்ல இடமில்லை. ஆனால் ஓர் அரசுத் துறை தட்டில் போடுவதை இன்னொரு துறை வாசலில் வந்து குறைக்கச் சொல்கிறது. மழைமறைவில் கிடக்கும் கிழக்குப் பாலக்காட்டு மண் சோளமும் நிலக்கடலையும் விளைந்த மண். அதே மாவட்டத்தின் அட்டப்பாடியில் சிறுதானியத்தை மீட்கத் தனித் திட்டமே உண்டு. கேழ்வரகு அரிசிக்கு இணையாக ரேஷனில் ஏறாதவரை அறிவுரைக்கு அர்த்தம் இல்லை.

2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய், கேரளத்தில் 25.5. கேரளத்தில் முதியோர் மிகுதி என்பது ஒரு காரணம். இருந்தும், ஊர் மட்டச் சுகாதாரப் பணிக்குப் பேர்போன மாநிலம் இந்த நிலையில் இருப்பதை அது முழுதாக விளக்காது.

அறிவுரையைத் தாண்டி உணவின் விலையைத் தொட்ட முயற்சியும் ஒன்று நடந்தது. 2016இல் கேரளம் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீத வரி போட்டது. அதுவும் பெயர்பெற்ற நிறுவன உணவகங்களுக்கு மட்டும். தெருமுனை பேக்கரியும் பரோட்டாக் கடையும் தப்பின. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரி மறைந்தது.