கவிழ்ந்த வண்டியும் கட்டிய கதையும்

பிளவக்கல் அணையின் நீர் வற்றிப் பாறைகள் தலைகாட்டிக் கிடந்த ஒரு சித்திரை மாலையில், பங்கு இளைஞர்களின் ஞான ஒடுக்கத்தின் முடிவில் நாம் ஒரு படம் காட்டினோம். ஆலயச் சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியே திரை. பனியை நேரில் கண்டவர் அக்கூட்டத்தில் ஒருவரும் இல்லை, நாமும் கண்டதில்லை. 1993-இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'கூல் ரன்னிங்ஸ்' என்னும் அப்படம், பனியே பெய்யாத ஜமைக்கா தீவின் நால்வர், 1988-இல் கனடாவின் கால்கரி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் பனிவண்டிப் பந்தயத்திற்குச் சென்ற கதையைச் சொல்வது. வெப்ப பூமியின் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான படம் ஏது என்று எண்ணினோம்.

மறுநாள் மறையுரைக்கும் அதையே எடுத்துக்கொண்டோம். கடைசி ஓட்டத்தில் வண்டி கவிழ்கிறது. நால்வரும் எழுந்து அதைத் தோளில் சுமந்து எல்லைக்கோட்டைக் கடக்கின்றனர். எள்ளி நகையாடியவர்களே கைதட்டுகின்றனர். பவுலடியார் தம் ஓட்டத்தை முடித்ததாகத் திமொத்தேயுவுக்கு எழுதும் பகுதியோடு அக்காட்சியை இணைத்துப் பேசினோம். கேட்டவர் சிலரின் கண்கள் கலங்கின. நமக்கும் உள்ளூர ஒரு மனநிறைவு.

உண்மை நிகழ்ச்சியைப் படித்தறிந்தது அதற்குப் பின்னர். வண்டி கவிழ்ந்தது மெய். நால்வரும் தலைகீழாய் உரசிச் சென்று, உயிர் தப்பி எழுந்ததும் மெய். ஆனால் அவர்கள் வண்டியைத் தோளில் சுமக்கவில்லை. அதன் அருகே நடந்தே இறுதிவரை சென்றனர், பார்வையாளர் கைதட்டினர். பந்தயத்தின் ஏட்டில் அவர்கள் பெயருக்கு நேரே உள்ளது 'முடிக்கவில்லை' என்னும் சொல். நாம் மறையுரையில் முழங்கியதோ 'முடித்தார்கள்' என்று.

கதைக்குக் கலைஞன் கற்பனை சேர்ப்பது குற்றமன்று. சேர்த்தது எதற்காக என்பதே திறனாய்வாளன் கேட்கவேண்டிய கேள்வி. இயக்குநர் ஜான் டர்டில்டாப் படைத்த நால்வரும் கற்பனை மாந்தர். கோடைக்கால ஒலிம்பிக் தகுதியை இழந்த ஓட்டக்காரர் முதலியோர். மெய்யான குழுவிலோ டட்லி ஸ்டோக்ஸ் ஹெலிகாப்டர் ஓட்டிய படைத்தலைவர். டெவன் ஹாரிஸ் இராணுவ அதிகாரி. டட்லியின் தம்பி கிறிஸ் ஸ்டோக்ஸ் அண்ணனைக் காண வந்தவர். சில நாள்களில் கற்றுக்கொண்டு வண்டியில் ஏறியவர். இந்தக் கடைசிச் செய்தியைப் படம் தொடாமல் விட்டது ஏன் என்று நமக்கு இன்றும் விளங்கவில்லை. ஜான் கேண்டி அருமையாக நடித்த பயிற்சியாளரும், வண்டியில் எடை ஒளித்து வைத்துப் பதக்கம் பறிகொடுத்த அவருடைய பழைய பாவமும், கற்பனையே. அவ்வளவையும் நாம் மன்னிக்கலாம்.

மன்னிக்க இயலாதது ஒன்று உண்டு. படத்தில் பிற நாட்டார் அனைவரும் இந்நால்வரை இகழ்கின்றனர். கிழக்கு ஜெர்மானியர் வம்புக்கு இழுக்கின்றனர். கால்கரியில் அப்படி நிகழவில்லை. பிற குழுவினர் அவர்களைத் தம்மில் ஒருவராய் நடத்தினர். தகுதி பெறுவதற்கெனத் தம் மாற்று வண்டியைக் கடன் கொடுத்த குழுவும் உண்டு. நல்ல சமாரியன் உவமையிலிருந்து சமாரியனை நீக்கிவிட்டு, அடிபட்டவன் தானே எழுந்து சத்திரத்திற்கு நடந்தான் என்று சொல்வதற்கு ஒப்பானது இது. பகைவன் இல்லாமல் வீரன் இல்லை என்னும் திரைச் சூத்திரத்திற்காக, உதவிய கைகள் அழிக்கப்பட்டன.

படத்தில் உயர்ந்த இடம் ஒன்று இருப்பதையும் சொல்லியாக வேண்டும். முன்பு ஏன் ஏமாற்றினீர் என்று கேட்கும் தலைவனுக்குப் பயிற்சியாளர் விடை பகரும் காட்சி அது. பதக்கம் இல்லாதபோது தன் மதிப்பை அறியாதவன் அதைப் பெற்ற பின்னும் அறியமாட்டான் என்பது அவ்விடையின் சாரம். மனிதன் தன் செயலால் மதிப்பை ஈட்டுவதில்லை, அது முதலிலேயே கொடையாய் அருளப்பட்டது என்று குருமடத்தில் பல பாடவேளைகளில் நாம் கற்றதை, ஒரு விடுதி அறையில் இருவர் பேசி முடித்துவிடுகின்றனர். ஆனால் இவ்வளவு தெளிவாய் உணர்ந்த படம், அடுத்த காட்சியிலேயே தன் மாந்தருக்குக் கைதட்டல் என்னும் வேறொரு பதக்கத்தைச் சூட்டிவிடுகிறது. தன் சொல்லைத் தானே நம்பவில்லை.

வரலாறு படத்தைவிடப் பொறுமையானது. படம் வெளிவந்த சில மாதங்களில், 1994 பிப்ரவரியில், நார்வேயின் லில்லஹாமரில் ஜமைக்காவின் நால்வர் வண்டி 14-ஆம் இடம் பெற்று அமெரிக்கக் குழுக்களை முந்தியது. அதைப் படமாக்க எவரும் முன்வந்ததாகத் தெரியவில்லை. ஏளனமும் இல்லை, கவிழ்வும் இல்லை. எதைக் கொண்டு படமெடுப்பது?

நம் நாட்டிலும் இத்தகைய சிறு குழுக்கள் உண்டு. அதே கால்கரிக்கு இந்தியா மூவரை அனுப்பியது. அவருள் சைலஜா குமார், குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் இந்தியப் பெண். அவர்களைப் பற்றி நம் இளைஞர் ஒருவரும் கேள்வியுற்றதில்லை. 1998-இல் ஜப்பானின் நகானோவில், மணாலிப் பகுதியைச் சேர்ந்த 16 வயது சிவ கேசவன் மட்டுமே இந்தியா சார்பில் நின்று, மல்லாந்து படுத்துச் சறுக்கும் லூஜ் பந்தயத்தில் 28-ஆம் இடம் பெற்றார். 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகளில் பங்கேற்ற அவர், பனித்தடம் இல்லாத நாட்டில் சக்கரம் பூட்டிய வண்டியில் இமயமலைச் சாலையில், லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் ஊடே பயின்றவர். 2014 சோச்சியில் இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கத்தில் இருந்தமையால், நம்மவர் மூவரும் தேசியக் கொடியின்றி ஒலிம்பிக் கொடியின் கீழே அணிவகுத்தனர். பிப்ரவரி 11-இல் தடை நீங்கியது. கேசவன் தம் பந்தயத்தை முடித்து இரண்டு நாள்கள் ஆகியிருந்தன. இதில் பகைவன் வெளிநாட்டான் அல்லன். அதனால் திரைக்கதைக்கு ஒவ்வாது போலும்.

இவற்றையெல்லாம் அடுத்த மாதக் கூட்டத்தில் இளைஞரிடம் சொன்னோம். அன்று பிரசங்க மேடையில் சொன்னது பிழை என்பதையும் சொன்னோம். அது எளிதாக இல்லை. கண் கலங்கியவருள் சிலர் முகம் வாடினர். வத்திராயிருப்புப் பக்கம் தென்னந்தோப்பில் காய் பறிக்கும் பையன் ஒருவன் மட்டும் எழுந்து கேட்டான்: "சாமி, வண்டி கடன் குடுத்தாங்களே, அவங்க எந்த ஊருக்காரங்க?"

நாம் படித்ததில் அப்பெயர் இல்லை என்றோம். "அதப் போட்டிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டு அவன் உட்கார்ந்துகொண்டான்.