வாக்கற்றவர் பார்வையில் அமெரிக்கத் தேர்தல்

தமக்கு வாக்குரிமை இல்லாத நாட்டின் தேர்தலைத் தம் ஊர்த் தேர்தல்போல் உற்றுநோக்கும் வழக்கம் தமிழகத்தில் வலுப்பெற்றிருக்கிறது. 2016, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் நடந்த அமெரிக்க அதிபர் தேர்தல்கள் அந்நாட்டு மக்களை இரு கூறாக்கியதுபோலவே இங்குள்ள பார்வையாளரையும் கட்சி பிரித்தன. இவ்வழக்கத்தின் பயனையும் குறையையும் எடைபோடுவதற்கு ஏற்ற களம், தொலைக்காட்சி விவாத அரங்கைவிட, அமெரிக்கா உள்ளிட்ட சந்தைகளுக்குக் காலணி செய்தனுப்பும் ஆம்பூர், வாணியம்பாடி, ஆலங்காயம் வட்டாரமே ஆகும்.

தொலைவு பார்வைக்குத் துணைசெய்வதுண்டு. ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், நகர வெளிச்சம் எட்டாத ஜவ்வாது மலையில், வைனு பாப்பு வானாய்வகம் அமைந்த காரணம் இங்கும் பொருந்தும்: பரப்புரையின் வெளிச்சத்துக்கு அப்பால் நிற்பவருக்கு அமைப்பின் கோணல் தெளிவாகப் புலப்படுகிறது. அமெரிக்க அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்வதில்லை. மாநிலவாரியாகப் பங்கிடப்பட்ட 538 வாக்காளர் குழு இடங்களுள் 270ஐப் பெறுபவரே வெல்கிறார், பெரும்பாலான மாநிலங்களில் ஒரு வாக்கு முந்தியவருக்கே அம்மாநிலத்தின் எல்லா இடங்களும் சேர்கின்றன. 2016இல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுவதும் ஏறத்தாழ 29 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றது இம்முறையின் விளைவே. வாக்கு விழுக்காட்டுக்கும் வென்ற இடங்களுக்கும் பொருத்தமின்மையைச் சட்டமன்றத் தேர்தல்களில் பலமுறை கண்டு பழகிய தமிழ் வாசகருக்கு இதை விளக்குவது கடினமன்று.

ஆனால் நம்மிடையே பெரிதும் பரவியது இத்தகைய வாசிப்பன்று, உறவுமுறை வாசிப்பு. கமலா ஹாரிஸின் தாய்வழிப் பாட்டனாரின் ஊரான துளசேந்திரபுரத்தில் 2020இலும் 2024இலும் சிறப்பு வழிபாடுகள் நடந்தன; துணை அதிபர் வேட்பாளர் ஜே. டி. வான்ஸின் மனைவி உஷாவின் முன்னோர் ஊர் என்பதால் ஆந்திரத்தின் வட்லூரும் 2024இல் செய்தியாயிற்று. ஊர்ப்பாசம் குற்றமன்று, எனினும் அது எதையும் விளக்குவதில்லை. வளரும் நாடுகளின் பல பொருள்களுக்குச் சுங்கத் தீர்வை விலக்கு அளித்துவந்த பொது முன்னுரிமைத் திட்டத்திலிருந்து இந்தியாவை 2019 ஜூனில் டிரம்ப் அரசு நீக்கியது. பின்வந்த பைடன், ஹாரிஸ் ஆட்சி நான்கு ஆண்டுகளிலும் அச்சலுகையை மீட்டுத் தரவில்லை என்பதை வழிபாட்டுச் செய்திகள் கவனிக்கவேயில்லை.

வெளிநாட்டுப் பார்வையாளர் ஆராயவேண்டியது வேட்பாளரின் குலத்தையோ குணத்தையோவிட அப்பதவியின் அதிகார எல்லையையே. வரி விதிக்கும் உரிமையை அமெரிக்க அரசமைப்பு நாடாளுமன்றமாகிய காங்கிரஸுக்கே அளிக்கிறது. அவ்வாறிருந்தும் 1977இல் இயற்றப்பட்ட, நெருக்கடிக் காலப் பொருளாதார அதிகாரங்கள் பற்றிய சட்டம் ஒன்றைக் காட்டி, 2025 ஆகஸ்ட் 7 முதல் 25 விழுக்காடும், ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 விழுக்காடும் இந்தியப் பொருள்கள்மீது அதிபர் ஆணையால் ஏற்றப்பட்டன. இத்தகைய தீர்வையைச் செலுத்துபவர் அங்குள்ள இறக்குமதியாளரே என்றாலும், அவர் விலையைக் குறைக்கச் சொல்வதாலும் ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றுவதாலும் சுமை இங்கும் இறங்குகிறது. கம்பெனிப் பேருந்தில் ஷூ தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்களின் வேலைநாள்வரை அது எட்டக்கூடியது.

தேர்தலை ஆர்டர் கணக்கால் அளக்கும் ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரப் பார்வையும் முழுமையானதன்று. அமெரிக்கர் எதற்காகப் பிளவுபட்டனர் என்ற கேள்வியை அது தொடுவதில்லை. விலைவாசி, குடியேற்றம், கருக்கலைப்பு உரிமை போன்றவை அதன் கணக்கேட்டில் இடம்பெறுவதில்லை. ஆயினும் பிற பார்வையாளருக்கு வாய்க்காத ஒரு நுழைவாயில், தோல் தொழிலின் வழியே, அதற்கு உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் முன்னணித் தோல் பதனிடும் நகரங்களுள் ஒன்றாக விளங்கியது. 20ஆம் நூற்றாண்டில் அத்தொழில் அங்கே நலிந்து, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அம்மாநிலமே மேற்கூறிய மூன்று தேர்தல்களிலும் 30,000க்கும் குறைவான வாக்கு வேறுபாட்டில் பக்கம் மாறியது. மாநகரமாகிய மில்வாக்கி ஜனநாயகக் கட்சியின் பக்கமே நின்றதால், மூடிய ஆலைகளைக் கொண்டு மட்டும் அம்மாநிலத் தீர்ப்பை விளக்கிவிட முடியாது. எனினும் தொழில் பெயர்ந்த ஊர்களில் காப்பு வரிக்கு வரவேற்பு எழுவதன் காரணத்தை, தோல் ஷாப்பு எனப்படும் பதனிடும் ஆலை மூடினால் ஒரு பேட்டை என்னவாகும் என்று அறிந்த வாணியம்பாடிக்காரர் எவரினும் எளிதாக விளங்கிக்கொள்வார். அவ்வரியின் ஒரு பங்கைத் தள்ளுபடியாகத் தாங்குபவரும் அவரே.