ஊருக்குப் போயிருக்கும் அம்மா

ஜாரெட் குரோசாஸ்காவின் 'ஹே, கிட்டோ' 2018இல் வெளிவந்தது. நாவல் மாதிரி வாசிக்க முடிந்தாலும் இது நாவல் இல்லை, பதின்வயதுப் பிள்ளைகளுக்காகப் படக்கதை வடிவில் வந்த சுயசரிதை. கதை நடக்கும் இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர். அம்மா லெஸ்லி ஹெராயினுக்கு அடிமை. மூன்று வயதில் ஜாரெட்டைத் தாத்தாவும் பாட்டியும் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார்கள். 'அம்மா எங்கே?' என்று கேட்டால் வெளியூர் போயிருக்கிறாள் என்கிற மாதிரி ஒரு பதில். சில வருஷங்கள் கழித்துத்தான் அவள் சிறையில் இருப்பதைத் தாத்தா அவனிடம் சொல்கிறார்.

இந்தப் புத்தகத்தை நம்மூரிலிருந்து வாசிக்கும்போது எனக்கு மரக்காணம்தான் நினைவுக்கு வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்களுக்கு அது உப்பளங்களின் ஊர். பாத்தி பாத்தியாய்த் தேங்கிய உப்புநீர், கரையோரம் வெள்ளைக் குவியல்கள். பக்கத்திலுள்ள மீனவ ஊரான எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்துச் செத்துப்போனார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவுகள். இரண்டு மாவட்டமும் சேர்த்து இருபதுக்கு மேல். குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று அரசு அறிவித்தது. உடனே டீக்கடையிலிருந்து வாட்ஸப் வரை ஒரே கேள்வி: "குடிச்சிச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?"

அந்தக் கேள்வி ஒன்பது வயதுப் பிள்ளையின் காதிலும் விழுந்திருக்கும். அப்பா செத்த துக்கத்தோடு, அந்தச் சாவு ஊருக்கு நக்கலாகிப் போனதையும் அது சேர்த்துச் சுமக்க வேண்டும். 'ஹே, கிட்டோ' போன்ற புத்தகத்துக்கு இந்த இடத்தில்தான் வேலை இருக்கிறது.

ஹெராயினும் சாராயமும் ஒன்றல்ல. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயது வரையிலான இந்தியர்களில் மது அருந்துகிறவர்கள் 14.6 சதவீதம், ஓபியாய்டு வகைப் போதைப்பொருட்களைப் பயன்படுத்துகிறவர்கள் 2.1 சதவீதம். பொருள் எதுவானாலும் வீட்டுக்குள் பிள்ளைக்குச் சொல்லப்படும் பொய் ஒரே மாதிரிதான். "அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல." "வேலைக்குப் போயிருக்காரு, வந்துடுவாரு."

நம்மூரில் குடியைப் பற்றிப் பேசும்போது பிள்ளைகளை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று பாருங்கள். விழிப்புணர்வுப் பேரணியில் கையில் பதாகை கொடுத்து வெயிலில் நடக்க வைக்கிறோம். நாடகத்தில் "அப்பா, குடிக்காதேப்பா" என்று அழ வைக்கிறோம். இதிலெல்லாம் பேச்சு அப்பாவை நோக்கித்தான் போகிறது, பிள்ளை வெறும் கருவி. இதன் ஆபத்து நமக்குத் தெரிவதில்லை. பிள்ளை கெஞ்சியும் அப்பா நிறுத்தவில்லை என்றால் பிள்ளை என்ன நினைக்கும்? நம்ம அழுகை பத்தலை போலிருக்கு என்றுதான்.

குரோசாஸ்கா இதைச் செய்யவில்லை. லெஸ்லி கடைசிப் பக்கத்தில் திருந்தி வந்து நிற்பதில்லை. மகனின் பாசம் அவளை மீட்கவும் இல்லை. அதே சமயம் அவள் அரக்கியும் இல்லை. சிறையிலிருந்து மகனுக்குக் கடிதம் எழுதுகிறாள், படம் வரைந்து அனுப்புகிறாள். அந்த நிஜக் கடிதங்களும் படங்களும் புத்தகத்தில் அப்படியே இருக்கின்றன. ஜாரெட்டுக்கு அவள்மேல் கோபமும் உண்டு, பாசமும் உண்டு, இரண்டையும் ஆசிரியர் கூட்டிக் கழிக்கவில்லை. வளர்த்த தாத்தா பாட்டியும் புனிதர்கள் இல்லை. குடிப்பார்கள், பாட்டி வாயைத் திறந்தால் வசவுதான். ஆனாலும் அந்த வீட்டில் சோறு இருந்தது, படுக்கை இருந்தது, மறுநாள் காலையிலும் அவர்கள் இருந்தார்கள். புத்தகம் உருவாகிக்கொண்டிருந்த 2017இல் லெஸ்லி ஹெராயின் அளவு மீறி இறந்துபோனார். அதற்குப் பிறகும் ஆசிரியர் அவரை எச்சரிக்கைப் பலகையாக மாற்றவில்லை.

எனக்குக் குறையாகப் படுவது வேறொன்று. இந்தக் கதையில் பையனைத் தூக்கிவிடுவது ஓவியம். தொழிற்சாலை நடத்திய தாத்தா காசு கட்டி அருங்காட்சியக ஓவிய வகுப்புக்கு அனுப்புகிறார். அவன் வாழ்க்கையில் நடந்தது அதுதான், மறுக்க முடியாது. ஆனால் வாசிக்கிற பிள்ளைக்கு, திறமை இருந்தால் தப்பிக்கலாம் என்று இது கேட்டுவிடக்கூடும். படம் வரையத் தெரியாத பிள்ளை என்ன செய்யும்? நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு சர்வர் விழுந்தால் அதன் சுமை மற்ற சர்வர்களுக்குப் போகும், அவை தாங்குமா என்பதுதான் எங்கள் கவலை. வூஸ்டரில் தாங்க ஒரு தாத்தா இருந்தார். உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரும் வீட்டில் சுமை அம்மாவுக்கு வரும், அம்மாவிடமிருந்து மூத்த பெண்ணுக்கு. மழைக்காலத்தில் பாத்தியில் வேலையும் இருக்காது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மறுபடியும் மெத்தனால், அறுபதுக்கு மேற்பட்ட சாவுகள். பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்பதாக அரசு சொன்னது. நல்ல காரியம். ஆனால் படிப்புச் செலவு அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்லாது. 'எங்கப்பா கெட்டவரா? நான் அவரை நெனச்சு அழலாமா?'

தமிழில் இதை எழுதப்போகிறவர் குரோசாஸ்காவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பார்வையை: குடித்தவரைத் திருத்தப் போகாமல், பிள்ளையோடு பேசுவதை. விட்டுவிட வேண்டியது திறமை வந்து காப்பாற்றும் அந்த வழியை. ஒரு சிறப்பும் இல்லாத, கணக்கில் முப்பத்தைந்து மார்க் வாங்குகிற, மரக்காணத்துப் பெண் ஒருத்தி அந்தக் கதையில் இருக்கட்டும். அப்பாவை நினைத்து அவள் அழட்டும், கோபப்படட்டும், மறுநாள் பள்ளிக்கூடம் போகட்டும். அதற்கு மேல் அவள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.