அளவுகோல் ஆசான் ஆகுமா?

அமெரிக்க நாட்டின் பொதுப் பள்ளிகளில் ஏறத்தாழ 50 இலட்சம் மாணவர்கள், 'ஆங்கிலம் கற்போர்' என்னும் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். பத்துப் பேருக்கு ஒருவர் என்று கொள்ளலாம். அவர்களிற் பெரும்பாலோர் இல்லத்திற் பேசுவது ஸ்பானியம். அரபியும் சீனமும் வியட்நாமியமும் பேசுவோரும் உளர். இப்பிள்ளைகள் கேட்டல், பேசல், படித்தல், எழுதல் ஆகிய நான்கு திறன்களிலும் ஆண்டுதோறும் தேர்வெழுத வேண்டும். தேறிப் பட்டியலிலிருந்து நீங்கும்வரை ஓய்வில்லை.

"தேர்வே கொடுமை, ஒழித்துவிடுக" என்று கூற நாம் முன்வரவில்லை. அளக்க மறுத்த காலத்தின் அநீதியை அறிந்தோர் அங்ஙனம் கூறார். சான் பிரான்சிஸ்கோ நகரில், ஆங்கிலம் புரியாத சீனப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,800 பேர், தனி உதவி ஏதுமின்றி வகுப்பறைகளில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தனர். காதில் ஒலி விழுந்தது. கருத்தில் ஒன்றும் விழவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. எல்லோருக்கும் ஒரே பாடநூலும் ஒரே ஆசிரியரும் தந்துவிட்டால் அது சமத்துவம் ஆகிவிடாது என்று 1974-இல் 'லாவ் எதிர் நிக்கல்ஸ்' வழக்கில் தீர்ப்பு வந்தது. 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டமே அத்தீர்ப்புக்கு அடிப்படை.

உதவி பெறும் உரிமை உண்டு என்றால், உதவி யாருக்கு வேண்டும் என்று கண்டறிந்தாக வேண்டும். அளித்த உதவி பயன் தந்ததா என்றும் பார்த்தாக வேண்டும். 2002-இல் நடைமுறைக்கு வந்த 'எக்குழந்தையும் பின்தங்கலாகாது' சட்டம் ஆண்டுத் தேர்வைக் கட்டாயமாக்கியது. 2015-ஆம் ஆண்டுச் சட்டமோ, ஆங்கிலத்தில் மாணவர் அடையும் முன்னேற்றத்தைப் பள்ளியின் தரக்கணக்கிலேயே சேர்த்தது. இன்று கலிபோர்னியாவில் 'எல்பேக்', டெக்சாசில் 'டெல்பாஸ்', வேறு பல மாநிலங்களில் 'ஆக்சஸ்' என்று பெயர்கள் பலவாயினும் நோக்கம் ஒன்றே.

நோக்கம் நன்று. நடப்பதும் நன்றுதானா? இங்கேதான் நம் திறனாய்வு தொடங்குகிறது.

முதலாவதாக, இத்தேர்வு ஆங்கிலத்தை மட்டுமே அளக்கிறது. மெக்சிகோவில் பின்னக்கணக்கைப் பழுதறக் கற்றுவந்த சிறுமிக்கும், பள்ளிப்படியே மிதியாத சிறுவனுக்கும் ஒரே எண் விழக்கூடும். அவ்வெண் ஆங்கிலத்தின் அளவு. அறிவின் அளவு அன்று. இரண்டையும் ஒன்றெனக் கொண்டதன் விளைவைக் கலிபோர்னியா முன்னரே கண்டது. ஸ்பானியம் பேசிய பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் அறிவுத்திறன் சோதனை நடத்தி, மூளை வளர்ச்சி குன்றியோர் வகுப்பில் அவர்களைத் தள்ளினர். 1970-இல் 'டயானா' வழக்கு எழுந்த பின்னரே, பிள்ளையின் தாய்மொழியிலும் சோதித்தல் வேண்டும் என்று இணங்கினர். மொழி தெரியாமையை மூளை இல்லாமை என்று கொண்டது எவ்வகைப் பகுத்தறிவு?

இரண்டாவதாக, இல்லத்தில் ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளைக்கு இத்தேர்வு கிடையாது. பள்ளியிற் சேரும்போது 'வீட்டில் என்ன மொழி?' என்று கேட்கும் படிவத்தில் வேறொரு மொழியை எழுதிய இல்லத்தின் பிள்ளையே முதற் சோதனைக்கு அழைக்கப்படுகிறது. அங்கே குடியேறிய தமிழ்ப் பெற்றோர் 'தமிழ்' என்று எழுதினாலும் இதுவே நிகழும். ஆங்கில இல்லத்துப் பிள்ளைகளிலும் எழுத்தில் தடுமாறுவோர் உண்டன்றோ? அவர்களுக்குப் பட்டியல் இல்லை, முத்திரை இல்லை. தாய்மொழியை மறைத்தால் நலம் என்று பெற்றோரை எண்ணச் செய்யும் முறை, எத்துணை நல்லெண்ணத்தோடு பிறந்திருப்பினும், திருத்தத்துக்குரியதே.

மூன்றாவதாக, பட்டியலில் ஆண்டுக்கணக்காகத் தேங்கி நிற்போர். இவர்களுக்கு 'நெடுங்கால ஆங்கிலம் கற்போர்' என்று பெயரிட்டு, கலிபோர்னியா 2012-இல் சட்டத்திலேயே வரையறை செய்தது. அமெரிக்க மண்ணிலேயே பிறந்து, நண்பரோடு ஆங்கிலத்திலேயே பேசித் திரியும் இளைஞரும் இவர்களுள் உண்டு. ஆங்கில மொழிப் பயிற்சி வகுப்பு கால அட்டவணையை அடைத்துக்கொள்ள, அறிவியலோ கலையோ கைநழுவுவதும் உண்டு. உதவிக்கென அமைத்த ஏணி, ஏறவொட்டாத வேலியாகி நிற்கிறது.

ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் ஒன்றை அறிவோம். வினாத்தாள் பாடம் நடத்தாது. தேர்வு நடத்தும் வாரங்களில், மொழி கற்பிக்க அமர்த்தப்பட்ட ஆசிரியரே கண்காணிப்பாளராகி நிற்கிறார். அவர் வகுப்பு நிற்கிறது. முடிவோ கல்வியாண்டின் இறுதியிலோ கோடையிலோ வருகிறது. மாணவனை அறிந்த ஆசிரியர் அதைக்கொண்டு கற்பித்தலைத் திருத்துவதற்குள் ஆண்டே முடிந்துவிடுகிறது!

ஆகவே நாம் கேட்பவை மூன்று. பிள்ளையின் தாய்மொழித் திறனையும் பாட அறிவையும் உடன் குறித்துக்கொள்க. பட்டியலிலிருந்து விடுவிக்கும்போது, ஆசிரியரின் மதிப்பீட்டுக்கும் பெற்றோரின் கருத்துக்கும் மெய்யான இடம் தருக. கலிபோர்னியாவின் விதிகளில் இடம்பெற்றுள்ள இம்முறை, பிற மாநிலங்களிலும் பரவட்டும். ஒரு மாணவன் ஆண்டுகள் பல தேங்கினால், அவனை வினவுமுன் அவனுக்குக் கற்பித்த பள்ளியை வினவுக.

அச்சீனப் பிள்ளைகள் வழக்காடியது தேர்வுத்தாள் கேட்டு அன்று. புரியும்படி கற்பிக்கக் கேட்டு. தேர்வை ஆண்டு தவறாமல் நடத்தும் அரசுகள், அக்கோரிக்கையையும் ஆண்டு தவறாமல் நிறைவேற்றுகின்றனவா? அந்தக் கணக்கைக் காட்டட்டும்.