சார்பு நிரலாக்கமும் பயன்பாடும்: ஜோன் ஹியூஸின் கட்டுரை பற்றி ஒரு நோக்கு

நினைவகத்திலுள்ள பெறுமானங்களைக் கட்டளைக்குக் கட்டளை மாற்றிச் செல்வதே கணினி நிரலாக்கத்திற் பெருவழக்கு. அவ்வாறன்றி, கணிதத்திற் பயிலும் சார்புகளை ஒன்றோடொன்று பொருத்தி நிரலை அமைப்பது சார்பு நிரலாக்கம். ஹந்தானை அடிவாரத்தில் வாழும் நமக்குத் தேயிலைத் தொழிற்சாலையே தக்க உவமை. கொழுந்து வாட்டப்படும், வாடியது உருட்டப்படும், உருட்டியது நொதிக்கும், நொதித்தது உலர்த்தப்படும். ஒரு படியின் விளைவே அடுத்த படிக்கு உள்ளீடாகும்.

இம்முறையின் சிறப்பை நிறுவ ஜோன் ஹியூஸ் 1984இல் எழுதி, 1989இல் அச்சேறிய ஆங்கிலக் கட்டுரை இத்துறை மாணவர் பலரும் கற்பது. நிரற்கூறுகளை இணைக்கும் பசை வலிதாயின் நிரலும் செம்மையுறும் என்பது அவர் துணிபு. சார்புகளையே உள்ளீடாகக் கொள்ளும் உயர்வரிசைச் சார்புகளும், தேவை எழும்போது மட்டும் கணித்தலுமே அப்பசை. வாதம் தெளிவானது, நடையும் இனியது. ஆயினும் அவர் காட்டும் உதாரணங்கள் யாவை? வர்க்கமூலம் காணல், வகையிடல், தொகையிடல், விளையாட்டில் அடுத்த நகர்வைத் தேர்தல். யாவும் கரும்பலகையில் அடங்குவன. பலர் கைபட்டுப் பெருகி, நள்ளிரவிற் பழுதுபடும் நிரல் ஒன்றேனும் அங்கு இல்லை.

அக்கட்டுரை அச்சேறுமுன்னரே, சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் ஜோ ஆம்ஸ்ட்ரோங் முதலியோர் தொலைபேசி இணைப்பகங்களுக்கென ஏர்லாங் மொழியை ஆக்கத் தொடங்கிவிட்டனர். ஓர் அழைப்பு பழுதுற்றால் ஏனையவை அறாதிருப்பது எங்ஙனம் என்பதே அவர்தம் வினா. ஹியூஸ் போற்றிய இரண்டாம் பசை அம்மொழியில் இல்லை. மாறாப் பெறுமானமும் உயர்வரிசைச் சார்பும் நின்றன. எது இன்றியமையாதது என்பதைத் தொழிற்களமே பிரித்துக் காட்டிற்று.

பயன்பாடு ஆய்வன்று, கைத்தொழிலே என்பாரும் உளர். அவர்க்கு விடை ஹியூஸின் பிற்காலப் பணியே. 2000இல் கோன் கிளாசனுடன் அவர் வெளியிட்ட குவிக்செக், நிரல் பேணவேண்டிய பண்பைக் கொண்டு எழுமாறான சோதனைகளைத் தானே ஆக்குவது. பின்னர் அதனை ஏர்லாங்கிலும் அமைத்து, அம்மொழியின் தரவுத்தளக் கூறொன்றில், ஒரே நேரத்திற் பல அழைப்புகள் மோதுகையில் மட்டும் தோன்றும் வழுக்களை வெளிப்படுத்தினர். வரிசை உறுதியற்ற அழைப்புகளின் விளைவு சரியோ பிழையோ என எவ்வாறு துணிவது என்னும் வினாவும் ஆய்வுக்குரியதாயிற்று. வர்க்கமூலத்தை எத்துணை முறை கணித்தாலும் இவ்வினா எழுந்திராது.

“இதனால் யாது பயன், ஐயா?” என என் மாணாக்கன் ஒருவன் வினவியபோது, அடக்கமின்மை எனக் கடிந்தேன். அவனுக்கு வர்க்கமூலத்தைக் காட்டியிருந்தேன். தொலைபேசி இணைப்பகத்தைக் காட்டினேனில்லை.