குரலுக்கு இடம்விட்ட நாயனம்

யூடியூபில் காருகுறிச்சி அருணாசலம் என்று தேடினால் எனக்கு முதலில் வந்து நிற்பது 'சிங்கார வேலனே தேவா'. அதற்குக் கீழே அதே பாட்டின் நகல்கள்: கீபோர்டில், சாக்ஸபோனில், பள்ளி ஆண்டுவிழா மேடையில். விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனால்தான் அவருடைய ராக ஆலாபனைகள் தென்படும். நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். பரிந்துரை செய்யும் நிரலுக்கு எது நல்ல சங்கீதம் என்று தெரியாது, எத்தனை பேர் தொட்டார்கள் என்று மட்டும் தெரியும். ஆனால் அந்த நிரலைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அது வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே நாம் அந்த மனிதரை ஒற்றைப் பாட்டுக்காரராகச் சுருக்கிவிட்டோம்.

இந்தச் சுருக்கத்துக்கு இரண்டு தரப்பும் காரணம். சினிமா ரசிகர்களுக்கு அவர் ஒரு பாட்டு. சங்கீத ரசிகர்கள் சிலருக்கு அவர் ராஜரத்தினத்தின் நிழல், அதோடு சினிமாவுக்கு வாசித்துப் பிரபலமானவர். அந்தப் பாட்டு நன்றாக அமைந்ததே அவர் நிழலாக இருந்த வருஷங்களால்தான் என்பது என் கட்சி.

1921-ல் தாமிரபரணிக் கரையோரத்துக் காருகுறிச்சியில் பிறந்தார். மண்பானைக்குப் பேர்போன ஊர் அது. பிறகு திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்து, அவரோடு இரண்டாம் நாயனமாக வாசித்தார். இரண்டாம் நாயனம் என்றால் என்ன வேலை என்று பலருக்குத் தெரியாது. பெரியவர் எங்கே போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனிக்க வேண்டும். அவர் நிறுத்தும் இடத்தில் எடுக்க வேண்டும், அவர் எடுத்ததும் விட வேண்டும். அவர் கட்டியதை இடிக்காமல் தன் பங்குக்கு ஒரு செங்கல் வைக்க வேண்டும். அதிலும் ராஜரத்தினம் தோடியை இப்படித்தான் வாசிப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ஆள். அவர் பக்கத்தில் நின்று வாசிப்பதற்கு விரலைவிடக் காதுதான் வேகமாக வேலை செய்ய வேண்டும்.

ராஜரத்தினம் 1956-ல் காலமானார். அதன்பின் காருகுறிச்சிக்குக் கிடைத்தது எட்டு வருஷம்கூட இல்லை. 1964-ல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே, போய்ச் சேர்ந்துவிட்டார். கோவில்பட்டியில் அவருக்குச் சிலை உண்டு. ஆற்றங்கரையில் பிறந்தவர் வாழ வந்தது எங்கள் கரிசல் காட்டுக்கு.

வெளியூர்க்காரர்கள் இந்த இடத்தில் புருவத்தை உயர்த்துவார்கள். பருத்தியும் கம்பும் தீப்பெட்டியும் விளையும் ஊரில் நாயனத்துக்கு என்ன வேலை? கேட்கிறவர்களுக்கு எட்டயபுரத்தை ஞாபகப்படுத்தணும். முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் உயிர்விட்டது அங்கேதான். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-ல் அங்கிருந்தே அச்சாகி வந்தது. விளாத்திகுளத்தில் சாமிகள் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் பாடிக்கொண்டிருந்தார், அவரைப் பற்றி கி. ராஜநாராயணன் எழுதியிருக்கிறார். கி.ரா.வின் இடைசெவல்காரரான கு. அழகிரிசாமி, எங்கள் கழுகுமலை முருகன்மேல் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்தைப் பதிப்பித்தவர். மழைதான் எங்களுக்குக் குறைவு.

ஜமீன்கள் ஒழிந்தபின் இந்தச் சங்கீதத்தைத் தாங்கியது யார்? கல்யாண வீடும் கோயில் கொடையும். கோவில்பட்டியில் பஞ்சாலை இருந்தது, ரயில் நின்றது, பருத்தி விற்ற காசு புழங்கியது. மகள் கல்யாணத்துக்கு யார் நாயனம் என்பதில் சம்சாரி வீட்டு மரியாதை அடங்கியிருந்தது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பேச்சில் 'காருகுறிச்சி' என்பது ஊர்ப் பெயராகவே இருக்காது. "காருகுறிச்சி வந்தாரா?" என்றுதான் கேட்பார்கள். ஒரு ஊரின் பெயரை ஒரு ஆள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்!

இங்கே நாயனத்துக்கு மட்டும் உள்ள ஒரு குணத்தைச் சொல்ல வேண்டும். வீணையைக் கேட்க அரண்மனைக்குள் போகணும், பாட்டுக் கச்சேரிக்குச் சபா வாசலைத் தாண்டணும். நாயனம் தெருவுக்கு வரும். யார் கோயிலுக்குள் நுழையலாம் என்பது 1939 வரை இந்த மாகாணத்தில் தீராத சண்டை. கழுகுமலையிலேயே 1895-ல் பங்குனி உத்திரத் தேரின்போது, தெரு யாருடையது என்ற தகராறு கொலை வரைக்கும் போனது. அப்படிப்பட்ட தெருவில், உள்ளே விடப்படாதவன் காதுக்கும் கேட்ட பெரிய சங்கீதம் நாயனம் ஒன்றுதான். ஓசைக்கு மதில் கிடையாது. இதைச் சாதி ஒழிந்ததாக நான் சொல்லவில்லை. வாசிக்கிறவரையே திண்ணையில் உட்காரவைக்கத் தயங்கிய சமூகம் இது. ஆனால் கல்யாணியும் கரகரப்பிரியாவும் பெயர் தெரியாமலே கரிசல்காட்டுச் சனங்களின் காதில் ஏறியது இந்த வழியாகத்தான். பிரபலம் என்ற சொல்லை இளக்காரமாகச் சொல்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இப்போது அந்தப் பாட்டுக்கு வருவோம். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை', இயக்கம் எம். வி. ராமன், இசை எஸ். எம். சுப்பையா நாயுடு. பாட்டை எழுதியவர் கு. மா. பாலசுப்பிரமணியம். திரையில் சாவித்திரி பாட, ஜெமினி கணேசன் நாயனம் வாசிப்பார். உள்ளே இருப்பது எஸ். ஜானகியும் காருகுறிச்சியும். ஜானகிக்கு அப்போது இருபத்து மூணு, இருபத்து நாலு வயசுதான். ராகம் ஆபேரி. ஏறும்போது ரிஷபமும் தைவதமும் இல்லாமல் தாவி ஏறி, இறங்கும்போது ஏழு சுரத்தையும் தொட்டு இறங்கும்.

நாயனம் திறந்தவெளிக்குச் செய்த வாத்தியம், சபையில் பக்கத்தில் வைத்தாலே பாட்டுக்காரரை விழுங்கிவிடும். இந்தப் பாட்டில் அது விழுங்கவில்லை. ஸ்டுடியோவில் சத்தத்தைக் கூட்டலாம் குறைக்கலாம் என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் ஒரு பிடி எங்கே வளைகிறது, முடியும் இடத்தில் எவ்வளவு மெல்லியதாகிறது என்பதை எந்தக் குமிழைத் திருகியும் கொண்டுவர முடியாது. அது சீவாளியில் உதடு கொடுக்கும் அழுத்தத்தில் இருக்கிறது. ஆபேரியின் இறக்கத்தில் அவர் நிஷாதத்தை விட்டு வரும் விதத்தைக் கேளுங்கள். துளையை மூடித் திறப்பதே தெரியாமல், குரல் வழுக்குவதுபோல வருகிறது. ஜானகி சுரம் சொல்லி முடிக்கும் இடங்களில் அந்தக் குரலின் பருமனுக்கு ஏற்பத் தன் ஒலியைச் சன்னமாக்குகிறார். ராஜரத்தினத்தின் பக்கத்தில் நின்று பழகிய காது இது. அங்கே ஒரு மலைக்கு இடம்விட்டவர் இங்கே ஒரு இளம்பெண்ணுக்கு இடம்விடுகிறார். நிழலாக இருந்தது குறை என்கிறவர்களுக்கு இந்தப் பாட்டே பதில்.

அப்படியானால் நஷ்டம் எதில்? 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷச் சொச்சம். சினிமாப் பாட்டில் இன்னும் சில நிமிஷம். ஒரு ராகத்தை ராத்திரி முழுக்கத் தெருவில் இழுத்துக்கொண்டு போன மனிதரின் அளவு இந்த டப்பாக்களுக்குள் அடங்காது. டப்பாவுக்குள் போனதுதான் தப்பிப் பிழைத்தது.

உலகத்துக்கே இது பொதுவான கதை. பாரிஸ் தெருக்களில் பாடிக் காசு வாங்கிய எடித் பியாஃபும் மூன்று நிமிஷ இசைத்தட்டில்தான் உலகம் சுற்றினார். அவர் 1963-ல் இறந்தார், நாற்பத்தேழு வயதில். அவருக்கும் ஒன்றிரண்டு பாட்டுகளே பெயருக்கு முன்னால் போகின்றன. ஆனால் அந்தப் பாட்டுகளில் அவர் குரலும் பெயரும் முகமும் ஒன்றாக இருந்தன. காருகுறிச்சிக்கு ஓசை மட்டும் மிஞ்சியது, முகம் ஜெமினியுடையது. பின்னணிப் பாடகர்களுக்கும் இதே கதிதான். ஆனால் அவர்களுக்கு அடுத்த பாட்டு இருந்தது, அதற்கடுத்ததும். இவருக்கு அதன்பின் இரண்டே வருஷம்.

இன்று எங்கள் பக்கத்துக் கோயில்களில் தீபாராதனைக்கு மோட்டார் மேளம் அடிக்கிறது. கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்துக்குப் பென் டிரைவிலிருந்து கெட்டிமேளம். ஆள் வைத்தாலும் மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்பது 'சிங்கார வேலனே'தான். வாசிக்கிற இளைஞர் என்ன செய்வார்? வாசிக்கிறார். அவரிடம் ஒரு கரகரப்பிரியா இருக்கிறதா என்று கேட்க அந்த மண்டபத்தில் ஒரு காது இல்லை. பாட்டைக் கேட்பது குற்றமில்லை. அது முடிந்ததும், "தம்பி, அதே ஆபேரியைக் கொஞ்சம் விஸ்தாரமா வாசிங்க, நாங்க இருக்கோம்" என்று சொல்ல நாலு பேர் வேணும். காருகுறிச்சியை ராத்திரி முழுக்க வாசிக்க வைத்தது அப்படி உட்கார்ந்திருந்த சம்சாரிகள்தான்.